பெயர் பழசு, எஞ்சின் புதுசு: மலைநாட்டில் புதுக் கார் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு

[திரையில்: கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் பாதை. தூறல். லொறி ஒன்றுக்குப் பின்னால் ஒரு சின்னக் கார் ஊர்கிறது.]

என் மாமா ஹட்டனில் கடை வைத்திருக்கிறார். கிழமைக்கு ஒரு தடவையாவது கொழும்புக்கு இறங்கிச் சாமான் ஏற்றி வருபவர். 2019ல் ஒரு கார் பார்த்து, விலை பேசி, கலர் கூட முடிவாகிவிட்டது. "பொங்கல் முடியட்டும்" என்றார். பொங்கல் முடிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் டொலர் நெருக்கடி, பெற்றோல் ஷெட்டில் இரவு பகலாக வரிசை. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி.

முதல் ஆளாகப் போய் முற்பணம் கட்டினார் மாமா. கேட்டது 2019ல் பார்த்த அதே பெயர். நாலு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. "முதலாளி, அந்த எஞ்சின் இப்ப வாறதில்ல. வேற எஞ்சின்தான் வருது. விலை கொஞ்சம் கூடும்." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டாராம். "கப்பல் வரட்டும், பார்த்துச் சொல்றோம்" என்று பதில்.

யார் அந்த இறக்குமதியாளர் என்று கமெண்டில் கேட்க வேண்டாம், சொல்லப் போவதில்லை. அவர்களைத் திட்டுவதற்கும் இந்த வீடியோ இல்லை. மாமா கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் காரின் பெயர் இருந்தது, கலர் இருந்தது, முற்பணத் தொகை இருந்தது. எஞ்சின் பற்றி ஒரு எழுத்து இல்லை. அங்கேதான் பிழை.

[திரையில்: ஒரு பழைய வீட்டு வாசல். பெயர்ப்பலகை அப்படியே, உள்ளே குடியிருப்பவர்கள் மாறுகிறார்கள்.]

நமக்குக் கதவு சாத்தியிருந்த அந்த ஐந்து வருடமும் உலகம் சும்மா இருக்கவில்லை. ஒரே பெயருக்குள் எஞ்சின்கள் மாறிப் போயின. நம் ஊரில் ஓடுகிற வண்டிகளையே பாருங்கள்.

ஹொண்டா வெசல். இங்கே எல்லாருக்கும் தெரிந்த பழைய ஹைபிரிட்டில் ஏழு கியர், இரட்டைக் கிளச். 2021ல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்தக் கியர்ப் பெட்டியே இல்லை. பெரும்பாலான நேரம் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது, எஞ்சின் அதற்கு மின்சாரம் செய்து கொடுக்கிறது. வேகப் பாதையில் மட்டும் எஞ்சின் நேரடியாகக் கை கொடுக்கும்.

சுசுகி ஸ்விஃப்ட். 2024ல் வந்த புது ஸ்விஃப்டில் நாலு சிலிண்டர் போய் மூன்று சிலிண்டர். அல்டோ 800? இந்தியாவில் மாசுக் கட்டுப்பாட்டின் அடுத்த கட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அந்தச் சின்ன எஞ்சினை அதற்கேற்ப மாற்றுவதை விட நிறுத்துவதே லாபம் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது ஒரு லீட்டர் எஞ்சின் போட்ட கே10.

டொயோட்டா ரைஸ் இன்னும் சிக்கல். 2019 நவம்பரில் ஜப்பானில் வந்தபோது 996 சிசி டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் எஞ்சின்) ஒன்றுதான். இரண்டே வருடத்தில், 2021 நவம்பரில், 1.2 லீட்டர் ஹைபிரிட் ஒன்று வந்தது, டர்போ இல்லாத 1.2 லீட்டர் பெற்றோலும் வந்தது. ஜப்பான் சந்தையில் டர்போ நாலு சக்கர இழுவை வண்டிக்கு மட்டும் என்று ஒதுங்கியது. ஆக ஒரு பெயர், மூன்று எஞ்சின். "ரைஸ் ஒன்று வேண்டும்" என்பது கடைக்குப் போய் "அரிசி வேண்டும்" என்று சொல்வது மாதிரி. சம்பாவா, நாடா, பச்சையா? (பெயரையும் பாருங்கள், நான் என்ன செய்ய.)

[திரையில்: சுங்க அனுமதிப் படிவம் போல ஒரு தாள். 'எஞ்சின் கொள்ளளவு' என்ற கட்டம் பெரிதாகிறது.]

சரி, எஞ்சின் மாறினால் என்ன, ஓடினால் போதாதா? சில நாடுகளில் போதும். இலங்கையில் போதாது. நம் நாட்டில் உற்பத்தி வரி எஞ்சினைப் பார்த்துத்தான் விழுகிறது.

பெற்றோல் காருக்கு சிசி கணக்கு. 1000, 1300, 1500, 1600 என்று படிகள். ஒரு படியைத் தாண்டினால் தாண்டிய அந்தச் சில சிசிக்கு மட்டும் கூடுதல் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிசி ஒன்றுக்கான வீதமே உயர்ந்துவிடும், அந்த வீதம் முழு எஞ்சினுக்கும் பெருக்கப்படும். அதனால்தான் 996 சிசியும் 1196 சிசியும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் சுங்கத்தில் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். அதே சிசியில் ஹைபிரிட் என்றால் வீதம் குறைவு. முழு மின்சாரக் காருக்கு சிசியே இல்லை, மோட்டாரின் கிலோவாட் கணக்கு. எஞ்சின் வெறும் ஜெனரேட்டராக ஓடும் சில ஹைபிரிட்களுக்கும் கிலோவாட்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு மேல் சுங்க வரி, அதன் மேல் மிகைவரி, விலை ஒரு அளவைத் தாண்டினால் சொகுசு வரி, கடைசியில் உற்பத்தி வரியையும் சேர்த்துக் கணக்கிடும் 18 சதவீத வற் வரி. அடியில் உற்பத்தி வரி என்ற கல் நகர்ந்தால் மேலே உள்ள வற்றும் நகரும்.

கிலோவாட் விஷயம் சும்மா தாள் விஷயம் என்று நினைக்காதீர்கள். 2025ல் ஒரு தொகை மின்சாரக் கார்களின் மோட்டார் 100 கிலோவாட்டா 150ஆ என்ற கேள்வியில் சுங்கம் அவற்றைத் தடுத்து வைத்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது. முற்பணம் கட்டியவர்கள் வெளியே காத்து நின்றார்கள். உற்பத்தியாளர் தரும் சான்றிதழில் என்ன எண் இருக்கிறது என்று ஆர்டர் போடும்போதே கேளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

[திரையில்: இலங்கை வரைபடம். கொழும்பிலிருந்து நுவரெலியா வரை ஏறும் கோடு.]

இனி நம் பக்கத்துக் கதை. இதைக் கொழும்பில் விற்பவர் சொல்ல மாட்டார், அவருக்குத் தேவையும் இல்லை.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1868 மீட்டர். அங்கே காற்று மெலிசு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கொழும்பில் 80 குதிரைவலு காட்டுகிற எஞ்சின் கிரகரி வாவிக் கரையில் 65, 66க்குத்தான் வேலை செய்யும். அதில் நாலு பேர், பின்னால் ஒரு மூடை லீக்ஸ், ஏசி வேறு. டர்போ எஞ்சின் மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடும். 996 சிசி டர்போ, 1.2 சாதா எஞ்சினை விட றம்பொடை ஏற்றத்தில் ஏன் நன்றாக இழுக்கிறது என்பதற்கு ஒரு விடை இது. சிசி பெரிது, இழுவையும் பெரிது என்ற கணக்கு டர்போ இல்லாத எஞ்சின்களுக்குள்தான் சரி.

ஹைபிரிட் வாங்கியவர்கள் பயப்படுகிற இரண்டு சத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட ஏற்றத்தில் பற்றரி இறங்க இறங்க, எஞ்சின் மின்சாரம் செய்யப் போராடும். வண்டி போவது முப்பதில், எஞ்சின் கத்துவது எண்பதில் போவது போல. அடுத்தது இறக்கம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது பாதி வழியில் பற்றரி நிரம்பிவிடும். நிரம்பிய பானையில் இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற முடியும்? அப்போது வண்டி மிச்ச மின்சாரத்தைச் செலவழிக்க எஞ்சினைச் சும்மா சுழற்றும். அக்சிலரேட்டரில் கால் இல்லை, எஞ்சின் மட்டும் அலறும். பழுது இல்லை, அதுதான் எஞ்சின் பிரேக். அந்த நேரத்தில் சத்தத்துக்குப் பயந்து நியூட்ரலில் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்காதீர்கள். ஏற்கெனவே அந்த எஞ்சினோடு வண்டி வைத்திருப்பவர் உங்கள் ஊரில் யாராவது இருப்பார். கெஞ்சியாவது ஒரு தடவை ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். அப்படியே உங்கள் கராஜ் பாஸிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "இந்த எஞ்சினுக்கு ஒயில் ஃபில்டர் ஹட்டனில் கிடைக்குமா, இல்லை கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டுமா?" இன்னொன்று, புது எஞ்சின்கள் சில 95 ஒக்டேன் கேட்கும். தோட்டப் பக்கத்து ஷெட்டில் 92 மட்டும் இருந்தால் அது தினசரித் தலைவலி.

[திரையில்: தொழிற்சாலை, கப்பல், துறைமுகம், ஒரு காலண்டர்.]

தாமதம். கப்பல்தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஜப்பானிலிருந்து கப்பல் வர ஆவது சில கிழமைகள்தான். ஐரோப்பாவிலிருந்து வருவது 2023 கடைசியிலிருந்து செங்கடலைத் தவிர்த்து ஆபிரிக்காவைச் சுற்றுவதால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவே. மாதங்களைத் தின்பது தொழிற்சாலை.

புது மாசு விதி வந்தால் ஒவ்வொரு எஞ்சினையும் மறுபடி சோதித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2018 செப்டம்பரில் ஐரோப்பா புதுச் சோதனை முறைக்கு மாறியபோது சோதனைக் கூடங்களில் வரிசை நின்றது. சான்றிதழ் இல்லாத கார்களை வைக்க இடமில்லாமல் ஃபொக்ஸ்வேகன் பெர்லினில் திறக்கப்படாத விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தது. 2020ல் தொடங்கிய சிப் தட்டுப்பாடு தெரிந்த கதை: கொரோனாப் பயத்தில் கார் கொம்பனிகள் ஆர்டரை ரத்துச் செய்தன, சிப் செய்பவர்கள் லெப்டொப் பக்கம் திரும்பிவிட்டார்கள், பிறகு வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு வெளிவந்து, எல்லா மொடல்களின் அனுப்பீட்டையும் நிறுத்தியது. ரைஸைச் செய்வதும் டைஹட்சுதான்.

இப்போது எஞ்சின் மாற்றம், தாமதம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பழைய எஞ்சினுக்குக் கடைசி உற்பத்தித் திகதி ஒன்று இருக்கும். உங்கள் ஆர்டர் அதற்கு முந்திக் கொடுத்ததாக இருக்கலாம், வரிசையில் முறை வருவதற்குள் அந்தத் திகதி போய்விடும். பிறகு உங்கள் ஆர்டர் புது எஞ்சினுக்கு மாறும், இல்லாவிட்டால் ரத்தாகும். மாமாவுக்கு நடந்தது அதுதான்.

காத்திருக்கும்போது மற்றவையும் நகரும். வரி கணக்கிடப்படுவது நீங்கள் முற்பணம் கட்டிய நாளில் அல்ல, வண்டி சுங்கத்துக்கு வரும் நாளில் உள்ள வீதப்படி. மின்சாரக் காருக்கு ஒரு வயதுக்கு உட்பட்டது, அதற்கு மேற்பட்டது என்று வேறு வேறு வீதம், ஆகவே தாமதமே வரியைக் கூட்டலாம். லீசிங்கும் அப்படி. 2025 ஜூலையில் தனியார் காருக்குப் பெறுமதியில் 60 சதவீதம்தான் கடன் என்று மத்திய வங்கி வரம்பு வைத்தது, வருடம் முடிவதற்குள் அது இன்னும் இறுகியது. கையில் வைத்திருந்த காசு போதும் என்று கணக்குப் போட்டவர் மறுபடி சீட்டுப் பிடிக்க ஓட வேண்டி வரும்.

[திரையில்: வெள்ளைத் தாள். பேனா எழுதத் தொடங்குகிறது.]

மாமாவுக்கு இரண்டாவது தாளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பெரிய சட்டத் தமிழ் இல்லை. எஞ்சின் குறியீடு என்ன, சிசி எத்தனை, டர்போ உண்டா இல்லையா. உற்பத்தி மாதம். எல்சி (இறக்குமதிக்கு வங்கி திறக்கும் நாணயக் கடிதம்) திறந்தாகிவிட்டதா, திறந்தால் அதன் பிரதி தருவார்களா. எல்சி திறக்காத ஆர்டர் வெறும் பேச்சு, அதை மட்டும் மறக்காதீர்கள். விலை ரூபாயிலா யென்னிலா, யென் என்றால் எந்த நாள் மாற்று வீதம். எஞ்சின் மாறினால் முற்பணம் முழுதாக எத்தனை நாளில் திரும்பும். இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னால் சிலர் முகம் சுருங்கும். சுருங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய இடத்தில் கட்டிய முற்பணம் திரும்பி வர இரண்டு மாதமும் பல போன்களும் ஆயின. இதற்கிடையில் மாமா மனம் மாறி, காத்திருக்கவே முடியாது என்று, ஏற்கெனவே நாட்டுக்குள் இறங்கியிருந்த, ஜப்பானில் கொஞ்சம் ஓடிய ஒரு டர்போ வண்டியைப் பிடித்தார். காசு கொடுக்கும் முன் பொனட்டைத் திறந்து, எஞ்சினில் குத்தியிருந்த குறியீட்டைத் தாளோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். டோர்ச் பிடித்தது மாமி.

இப்போது கினிகத்தேனை ஏற்றத்தில் லொறிகளைச் சுகமாக முந்துகிறார். கலர் மட்டும் மாமி 2019லிருந்து கேட்ட வெள்ளை இல்லை. சாம்பல்.