ஓட்சிகோவின் வாக்குப் பெட்டி

அவைத் தலைவர் அவர்களே, என் தகுதிக்கு மீறிய சொற்களால் என்னை அறிமுகம் செய்த செயலாளர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, சான்றோர்களே, வணக்கம். நீதியரசர் முன்னிலையில் தேர்தல் வழக்கொன்றைப் பேசத் துணிந்தமைக்கு அவர் பொறுத்தருள வேண்டும்.

1792ஆம் ஆண்டு நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலில் வாக்குரிமை யாருக்கிருந்தது, பெட்டிகள் எவ்வழி சென்றன, சட்ட வல்லுநர் என்ன கூறினர் என்னும் மூன்றையும் சொல்ல எண்ணியுள்ளேன். முதலாவது எளிது: 100 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம் உடையவர்க்கே ஆளுநருக்கு வாக்களிக்கும் உரிமை இருந்தது.

இரண்டாவதில்தான் கதை இருக்கிறது. 1777 முதல் ஆளுநராயிருந்த ஜார்ஜ் கிளின்டனை எதிர்த்து, நாட்டின் தலைமை நீதிபதி ஜான் ஜே நின்றார். ஊர்களில் விழுந்த வாக்குகளை அங்கேயே எண்ணும் வழக்கமில்லை; மாவட்டத்தின் சட்ட ஒழுங்கு அதிகாரியான ஷெரீப் அவற்றைத் திரட்டி மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்ப, சட்டமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்த 12 பேர் குழு எண்ணும். ஜேயின் செல்வாக்கு மிகுந்த ஓட்சிகோ மாவட்டத்திலோ பழைய ஷெரீப்பின் பதவிக்காலம் முடிந்திருந்தது. புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. பழையவரே பெட்டியை அனுப்பினார். "நீர் ஷெரீப்பே அல்லர், ஆகவே இவை வாக்குகளே அல்ல" என்பதாகக் குழுவின் பெரும்பான்மை முடிவு கட்டியது. டையோகா மாவட்டப் பெட்டியைக் கொண்டுவந்தவர் வழியில் நோயுற்று எழுத்தரிடம் ஒப்படைத்தார், அதுவும் தள்ளுபடி. ஆளுநரின் பெயரையே தாங்கிய கிளின்டன் மாவட்டத்தின் பெட்டியும் தப்பவில்லை. கொண்டுவந்தவரிடம் எழுத்துமூல அதிகாரம் இல்லையாம்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்று நம் பெரியோர் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிளின்டனுக்கு 8,440, ஜேக்கு 8,332, வேறுபாடு 108. குழுவின் முடிவே இறுதியானது என்றது சட்டம்; தள்ளப்பட்ட சீட்டுகளும் எரிக்கப்பட்டன. மூன்றாவதான சட்ட வல்லுநர் கருத்தில், அந்த மாநிலத்தின் செனட்டர்கள் இருவருள் ரூஃபஸ் கிங் ஜேயின் பக்கமும் ஆரன் பர் கிளின்டன் பக்கமும் நின்றனர் என்பதற்குமேல் விரித்துரைக்க நேரமில்லை. கொதித்தெழுந்த ஆதரவாளர்களை ஜே அமைதிப்படுத்தினார். 1795இல், தாம் இங்கிலாந்துக்குத் தூது சென்றிருந்த வேளையில், ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்பர்களே, நான் மேடைதோறும் கேட்டுவருவது இதைத்தான்: தேர்தல் எதுவாயினும், தள்ளப்பட்ட சீட்டு உட்பட ஒவ்வொன்றும் வழக்கு முடியும்வரை காக்கப்பட வேண்டும், வாக்கு விழுந்த இடத்திலேயே எண்ணப்பட வேண்டும். பூசாரியின் கையில் வரத்தை விட்டுவைக்க வேண்டாம். இதற்கான விண்ணப்பம் மேடையருகே உள்ளது. அவைத் தலைவர் முதல் கையொப்பமிட்டுத் தொடங்கிவைக்கும்படி வேண்டி அமர்கிறேன். வணக்கம்.