மேயர் இல்லாத மாளிகை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் சின்னஞ்சிறு கிராமத்துக்கும் ஒரு மேயர் உண்டு. ஆனால் தலைநகர் பாரிஸுக்கு 1871 முதல் 1977 வரை மேயரே கிடையாது. அந்தக் காலத்தின் தொடக்கத்தில்தான் சேன் நதியருகே 'ஓட்டல் த வீல்' என்னும் நகர மாளிகையை அவ்வளவு ஆடம்பரமாகத் திரும்பக் கட்டினார்கள். மாளிகை உண்டு, மேயர் இல்லை. ஏன்? இந்த இடத்தைக் கண்டு அரசு பயந்தது என்றே நான் சொல்வேன்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1357-இல் நகர நிர்வாகத்தை நடத்திய 'வணிகர் தலைவர்' எத்தியேன் மார்செல், இன்று மாளிகை நிற்கும் க்ரேவ் சதுக்கத்தில் தூண்கள் வைத்த ஒரு வீட்டை நகரத்துக்காக வாங்கினார். அரச குடும்பத்தை எதிர்த்து எழுந்த அவர் மறு ஆண்டே கொல்லப்பட்டார். 1533-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா காலத்தில், தொமேனிகோ த கொர்த்தோனா என்ற இத்தாலியரின் வடிவமைப்பில் அங்கே புதிய மாளிகை எழத் தொடங்கியது. இடையில் மதப்போர்கள் வந்தன. வேலை முடிய 1628 ஆகிவிட்டது.

அப்புறம் 1789, பிரெஞ்சுப் புரட்சி. பாஸ்தில் கோட்டை விழுந்த அன்று, வணிகர் தலைவர் ஃப்ளெசெல் இந்த மாளிகையிலிருந்து வெளியே வந்ததும் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றே நாளில் பதினாறாம் லூயி மன்னர் இங்கே வந்து, புது மேயர் பாயியின் கையால் புரட்சியின் வண்ணச் சின்னத்தை வாங்கிக்கொண்டார். 1794-இல் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் பிடிபட்டதும் இங்கேதான். 1848-இலும் 1870-இலும் குடியரசு அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். இந்த மாளிகை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பக்கமே பாரிஸ் என்றாகிவிட்டது.

1871-இல் அரசை எதிர்த்து எழுந்த பாரிஸ்வாசிகளின் புரட்சி ஆட்சியான பாரிஸ் கம்யூன் இங்கிருந்து ஆட்சி நடத்தியது. அரசுப் படை நகருக்குள் புகுந்தபோது, மே 24 அன்று கம்யூன்காரர்கள் மாளிகைக்குத் தீ வைத்தார்கள். பாரிஸ் மக்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் ஒரு படி இங்கே எரிந்தது. இன்னொரு படி நீதிமன்ற வளாகத்தில் எரிந்தது. இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தியும் பயனில்லை. பிறகு அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டெழுத முடிந்தது. கல்லையும் மரத்தையும் திரும்பக் கட்டிவிடலாம். இந்த இழப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தியோதோர் பல்யு, எதுவார் தெபெர்த் ஆகிய இருவரும் வடிவமைத்த இன்றைய மாளிகை 1882-இல் திறக்கப்பட்டது. முகப்பு பழைய மறுமலர்ச்சிக் காலத்துச் சாயலில் இருக்கும்: செங்குத்தான சிலேட்டுக் கூரை, உயர்ந்த புகைபோக்கிகள், நடுவே கடிகாரம். உள்ளே போனால் முற்றிலும் 19-ஆம் நூற்றாண்டு. பொன்பூச்சும் சரவிளக்குகளுமாக நீளும் விழா மண்டபம். வெளிச்சுவரின் மாடங்களில் பாரிஸ் பெற்றெடுத்த அறிஞர்கள், கலைஞர்கள் எனச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் கணித மேதை தலம்பேரின் சிலை, ரோதேன் செதுக்கியது. போகிறவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

இத்தனை அழகையும் அரசு நியமித்த அதிகாரியிடம்தான் ஒப்படைத்தார்கள். 1944 ஆகஸ்டில், ஜெர்மானியப் பிடியிலிருந்து விடுதலையடைந்த பாரிஸில், இங்கே வந்து குடியரசை அறிவிக்கும்படி சுதந்திர பிரான்சின் தலைவர் தெ கோலை வேண்டினார்கள். குடியரசு ஒருபோதும் இல்லாமல் போகவில்லை என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

1975 இறுதியில் சட்டம் மாறியது. 1977-இல் ஜாக் ஷிராக் மேயரானார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் ஜூல் ஃபெரி. 1871 மார்ச்சில், கம்யூனுக்கு வழிவகுத்த கிளர்ச்சி மூண்ட இரவில், இந்த மாளிகையை விட்டு வெளியேறியவர்.