பாதிச் சொல்லை விழுங்கும் லண்டன் பேச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கூட வேலை பார்த்த பெரியவர் ஈஸ்ட் எண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். என் கையிலிருந்த சரக்குப் பட்டியலைக் காட்டி, "லெட்ஸ் ஹேவ் எ புச்சர்ஸ்" என்றார். புச்சர் என்றால் இறைச்சிக் கடைக்காரர். பட்டியலில் இருந்ததோ பெயின்ட் டப்பாக்கள். நான் விழிப்பதைக் கண்டவர், அட்டைப்பெட்டி மூடி ஒன்றைக் கிழித்து 'புச்சர்ஸ் ஹுக்' என்று எழுதினார். இறைச்சியைத் தொங்கவிடும் கொக்கி. பக்கத்தில் 'லுக்' என்று எழுதினார். ஹுக், லுக்: ஓசை ஒத்துப்போகிறது. பிறகு 'ஹுக்'கை ஒரே கோடாக அடித்தார். மிஞ்சியது 'புச்சர்ஸ்'. "கொடு, ஒரு பார்வை பார்க்கிறேன்" என்பதுதான் அவர் சொன்னது.

அடித்துவிட்ட அந்தச் சொல்லில்தான் பொருள் ஒளிந்திருக்கிறது. பேச்சில் வராத சொல்லை எந்தக் காது பிடிக்கும்? பள்ளியில் நன்றாக ஆங்கிலம் படித்தவர்களும் இங்கே தடுமாறுவது இதனால்தான். அது அவர்கள் குறை இல்லை. நம் யாப்பில் கடைசி ஓசை ஒன்றுவதை இயைபு என்போம். ஆனால் எதுகையில் ஊறிய நம் காது இரண்டாம் எழுத்தைத்தான் முதலில் தேடும்.

இதற்குக் காக்னி ரைமிங் ஸ்லாங், அதாவது கிழக்கு லண்டன்காரர்களின் இயைபுக் கொச்சை, என்று பெயர். ஜான் கேம்டன் ஹாட்டன் 1859-இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இதற்குத் தனிப் பட்டியல் உண்டு. தெருவில் பாட்டுத்தாள் விற்றவர்களும் கூவி விற்றவர்களும் பேசிய பேச்சு என்று அவர் குறித்திருக்கிறார்.

இன்றும் காதில் விழுபவை சில. "யூஸ் யுவர் லோஃப்" என்று மேலாளர் சொன்னால் மனம் நோக வேண்டாம். 'லோஃப் ஆஃப் பிரெட்' என்பது 'ஹெட்'டுக்கு இயைபு. கொஞ்சம் மூளையைப் பயன்படுத்து என்று உரிமையோடு சொல்கிறார். 'போர்க் பைஸ்' என்பது 'லைஸ்', அதாவது பொய்கள். அது தேய்ந்து 'போர்கீஸ்' ஆகிவிட்டது. "மை ஓல்ட் சைனா" என்று யாராவது உங்களை அழைத்தால் மகிழுங்கள். 'சைனா பிளேட்' என்பது 'மேட்', நண்பன். தொலைபேசிக்கான 'டாக் அண்ட் போன்' (நாயும் எலும்பும்) மட்டும் பெரும்பாலும் முழுதாகவே வரும்.

இவற்றை மனப்பாடம் செய்து பேசிக் காட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். பழகப் பழகத் தானாக வாயில் வரும்.

எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை அதே பெரியவர், "ரூபிக்குப் போகலாமா?" என்று கேட்டார். ரூபி மரி, பெல்ஃபாஸ்டில் பிறந்த பாடகி. 1955-இல் ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பாடல்கள் பிரிட்டனின் முதல் இருபதுக்குள் இருந்தன. மரிக்கு இயைபு கரி. இந்திய உணவகத்துக் கரி. அந்தக் கரிக்கு மூலமாக ஆங்கில அகராதிகள் காட்டுவது நம் 'கறி'யை.

இதைச் சொன்னபோது பெரியவர் பேனாவை என்னிடம் நீட்டினார். அட்டையில் 'ரூபி' என்பதற்கு எதிரே தமிழில் 'கறி' என்று எழுதினேன். இரண்டு எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு உரக்கச் சொல்லிப் பார்த்தார். வல்லின 'ற' அவருக்கு மூன்றாவது முறைதான் வந்தது.

நன்றி, வணக்கம்.