பெயரும் பீடும்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிறு மாலை நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கடைசி வரிசையில் கைப்பேசியோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். துன், தான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்று பட்டங்களைச் சொல்லத் தொடங்கினால் எனக்குத் தந்த இருபது நிமிடத்தில் ஐந்து அதிலேயே போய்விடும். எல்லாரையும் ஒரே வணக்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன், கோபிக்கக் கூடாது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சங்கப் பெரியவர் காலமானார். இரங்கலுரை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு தமிழாசிரியருக்கு இரங்கலுரை எழுதியிருந்தேன். நேரம் இல்லை. அதையே எடுத்துப் பெயரை மாற்றினேன். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘சமுதாயத்தின் விடிவெள்ளி’, ‘தன்னலமற்ற சேவையாளர்’ எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் பெயரை மாற்ற மறந்துபோனேன். மைக்கில் அப்படியே வாசித்தும் விட்டேன். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். மற்ற எல்லாரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடி படித்தேன். மனிதர் செய்த ஒரு காரியம்கூட அதில் இல்லை.

இந்த விஷயத்தில் நம் முன்னோர் நம்மைவிடக் கெட்டி. சண்டையில் விழுந்தவனுக்கு நடுகல் வைத்தபோது ‘பெயரும் பீடும் எழுதி’ வைத்தார்கள் என்கிறது அகநானூறு. பீடு என்றால் பெருமை. அந்தப் பெருமை எதனால் வந்தது என்பது வழியில் போகிறவனுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் எழுத்து. அதியமான் இறந்தபோது ஔவை பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் சேர்ந்து குடித்து மகிழ்வான், புலால் நாறும் என் தலையை நரந்தம் மணக்கும் தன் கையால் தடவிக்கொடுப்பான் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். இன்றைக்கு ஒரு மேடையில் இப்படிப் பேசினால் ஏற்பாட்டாளர் துண்டுச் சீட்டு அனுப்பிவிடுவார். ஆனால் அந்தப் பாட்டில் அதியமான் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரை உட்கார வைக்க முடியுமா?

இங்கே நான் மோனோரயிலில்தான் வந்தேன். எதிரே ஓர் அம்மாவும் பத்து வயதுப் பையனும். அடுத்த நிலையம் துன் சம்பந்தன் என்று அறிவிப்பு வந்தது. பையன், “அம்மா, துன் சம்பந்தன்னா யாரும்மா?” என்றான். அந்த அம்மா பையைத் தோளில் மாட்டியபடியே, “ஸ்டேஷன் பேருடா, எழுந்திரு” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நிலையத்துக்குப் பெயர் வைத்தோம், வெளியே சாலைக்கும் அதே பெயரை வைத்தோம். பீட்டை எங்கே எழுதினோம்?

துன் சம்பந்தன் 1919-இல் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் பிறந்தார், ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சிக்கு 1955 முதல் 1973 வரை தலைவர், அமைச்சர், 1979-இல் மறைந்தார். இது பள்ளிக்கூடப் பாடம். தோட்டத்துக்காரர்களிடம் கேளுங்கள், அவர்கள் வேறு கதை சொல்வார்கள். சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே என் அம்மாவுக்கு முகம் மாறும். தோட்டம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியவனுக்குச் சட்டி பானையைத் தவிரச் சொந்தம் என்று ஒன்றும் இல்லை.

அதற்குத்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டு, நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. எல்லார் பத்து வெள்ளியையும் ஒன்றாகச் சேர்த்து நாமே தோட்டத்தை வாங்குவோம். இதைச் சொல்ல ஓர் அமைச்சர் தோட்டம் தோட்டமாகப் போனார். பால்வெட்டுச் சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது இன்றைக்குத் தே தாரிக் என்ற பால் தேநீர் குடிக்கிற பத்து வெள்ளி இல்லை. (இங்கே மூன்றாம் வரிசையில் ஓர் ஐயா பலமாகத் தலையாட்டுகிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.) அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். மரத்தில் பால் வெட்டியவன் மரத்துக்கும் பங்காளி ஆனான். அந்தப் பையனுக்கு இதை மட்டும் சொன்னால் போதும், பட்டங்கள் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏற்பாட்டாளர் சீட்டு அனுப்பினாலும் பரவாயில்லை. 1973-இல் அவர் பதவியை விட்டு இறங்கியது மாலை மரியாதையோடு அல்ல. கட்சிக்குள் பூசல் முற்றி, விலகியே ஆகவேண்டிய நெருக்கடி வந்தது. அவர் தலைமை போதாது என்று சொன்னவர்கள் எல்லாரும் கெட்டவர்களும் அல்லர். நினைவு மலர்களில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறோம். கிழித்த பிறகு மிஞ்சுவது மனிதர் இல்லை, காலண்டர் படம்.

சிலருக்குப் பெயர்ப் பலகையும் கிடைப்பதில்லை. தஞ்சைச் சீமையிலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி, மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று வெள்ளைக்கார அரசின் அவசரகாலச் சட்டத்தில் 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். சிறையை இடித்தாகிவிட்டது. பழைய வாசல் மட்டும் நிற்கிறது, பின்னால் பெரிய வணிக வளாகம். போன மாதம் அந்த வாசலில் பத்து நிமிடம் நின்றேன். பக்கத்தில் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் என் கண்ணில் எங்கும் படவில்லை.

ஜானகி ஆதி நாகப்பன் அம்மாவையும் நினைக்கிறேன். கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். நேதாஜி நிதி கேட்டபோது காதிலிருந்த வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது வயது பதினெட்டு. இந்திய அரசு 2000-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. 2014 மே 9-இல் காலமானார். அன்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எனக்கு வந்த இரங்கல் செய்திகளில் ஒன்றில்கூட அந்தத் தோடு இல்லை. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ மட்டும் ஏழு முறை வந்தது.

அந்த நில நிதிச் சங்கத்தில் என் அம்மா வைத்திருந்த பங்குப் புத்தகம் இன்னும் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது, அட்டையில் ரப்பர் பால் கறையோடு. மாதம் எப்படிச் சமாளித்துக் கட்டினாய் என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கலாம் என்று நினைத்தபோது அவர் இல்லை. அதனால் எனக்கு மீதியிருக்கும் நேரத்தை மூன்றாம் வரிசைக்குக் கொடுக்கிறேன். தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுப்பா. ஐயா, நீங்க உட்கார்ந்தே பேசலாம். உங்களுக்கு எந்தத் தோட்டம்?