தெருப் பெயர் முதல் வரியில்

நேயர்களுக்கு வணக்கம். மக்கள் தொடர்பு படித்துவிட்டு இந்த ஆண்டு வேலைக்கு வரப்போகும் மாணவர்களுக்காகப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். 30 ஆண்டுகள் நான் செய்த வேலை இது. மாணவர்கள் பலர் என்னிடம், "எனக்கு நன்றாகப் பேச வரும் ஐயா" என்பார்கள். நல்லதுதான். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாள் யாரும் உங்களை மேடையேற்ற மாட்டார்கள். பத்திரிகைகளுக்கு அனுப்ப ஒரு செய்திக் குறிப்பு எழுதித் தரச் சொல்வார்கள்.

நான் பணியில் சேர்ந்த புதிது. குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்று. பிரதானக் குழாயில் உடைப்பு. சில தெருக்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் வராது, லாரியில் கொடுப்பார்கள். குறிப்பு எழுதினேன். முதல் பத்தியில் உடைப்பைப் பார்வையிட்ட அதிகாரிகளின் பெயரும் பதவியும். அடுத்ததில், போர்க்கால அடிப்படையில் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன என்ற வழக்கமான வரி. தெருப் பெயர்களும் லாரி வரும் நேரமும் கடைசிப் பத்தியில். மேலதிகாரி படித்துப் பார்த்து, "பிரமாதம்" என்று கையெழுத்திட்டார்.

பத்திரிகை அலுவலகத்தில் இடம் போதவில்லை என்றால் துணை ஆசிரியர் செய்தியை அடியிலிருந்து வெட்டுவார். முக்கியமானது மேலே இருக்கும் என்று நம்பி வெட்டுவார். மறுநாள் அதிகாரிகள் பெயரெல்லாம் பிழையின்றி வந்திருந்தது. ஒரு தெருவின் பெயர்கூட வரவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குழாயடிக்குப் போனேன். காலிக் குடங்கள் தெருமுனை வரை வரிசையாக நின்றன. ஓர் அம்மா, இடுப்பில் பச்சைப் பிளாஸ்டிக் குடம், விளிம்பு விரிசலைச் சூடு வைத்து ஒட்டியிருந்தார்கள். பத்திரிகையை என்னிடம் நீட்டி, "இதில் எங்கள் தெரு எங்கே தம்பி போட்டிருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு வேலைக்குப் போக வேண்டிய நேரம். லாரி எட்டு மணிக்கு வரும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு என் குறிப்புதான் காரணம்.

அதனால்தான் எங்கே பேசினாலும் இதைச் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்: தெருப் பெயர் முதல் வரியில். மின்தடையானால் எந்தப் பகுதி, எத்தனை மணி வரை. மருத்துவ முகாமானால் எந்த இடம், என்ன எடுத்துவர வேண்டும். தலைமை தாங்கியவர் பெயர் கடைசியில் வரட்டும். இதற்கு மேலதிகாரி முகம் சுளிக்கலாம். பணிவாக, ஆனால் விடாமல் எடுத்துச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு திறமை.

அமெரிக்காவில் 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் கவிழ்ந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அந்தக் காலத்து ரயில் நிறுவனங்களின் வழக்கம். அந்த ரயில் நிறுவனத்துக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்த ஐவி லீ என்பவர், நடந்ததை நாமே எழுதிக் கொடுப்போம் என்று நிறுவனத்தை இணங்க வைத்தார். அந்த அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே வெளியிட்டது. முதல் செய்திக் குறிப்பு அதுதான் என்று எங்கள் துறையில் சொல்வதுண்டு. பயணியின் வீட்டார் அன்று கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் குழாயடியில் அந்த அம்மா கேட்டதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன: என் வீட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

இனித் தொலைபேசி. நிருபர் கேட்பதற்கு உங்களிடம் பதில் இல்லையா? ஊகித்துச் சொல்லாதீர்கள். "விசாரித்து நான்கு மணிக்குள் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நான்கு மணிக்கும் பதில் கிடைக்கவில்லை என்றாலும் கூப்பிட்டு, "இன்னும் கிடைக்கவில்லை, ஆறு மணிக்குப் பேசுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் பத்திரிகைப் பக்கத்தில் உங்கள் பதிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருப்பார்.

நேரம் முடிகிறது என்று நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார். கூட்டம் நடத்துவது, வதந்தியை எதிர்கொள்வது பற்றியெல்லாம் குறித்து வைத்திருந்தேன். படக்குறிப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பவர்களின் பெயரை, இடமிருந்து வலமாக, தலைப்பெழுத்தோடு அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகம் திரும்பிய பிறகு விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். வணக்கம்.