24 மாத்திரை, ஒரே அளவு மருந்து: கையால் உருட்டிய விதம்

[காட்சி: பீங்கான் கல்வம், குழவி, சிறு தராசு]

குரல்: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. மருத்துவர் எழுதிய சீட்டில் 24 மாத்திரை. ஒவ்வொன்றிலும் கால் கிரெயின் வீரிய மருந்து இருக்க வேண்டும். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். கால் கிரெயின் என்றால் 16 மில்லிகிராம். மருந்து ஒன்றில் குறைந்து இன்னொன்றில் கூடினால், முதல் மாத்திரை நோய்க்குக் கேட்காது, அடுத்தது ஆளைச் சாய்த்துவிடும்.

[காட்சி: கல்வத்தின் உட்புறம், மிக நெருக்கத்தில்]

மொத்த மருந்து 6 கிரெயின். அதை நேராகக் கல்வத்தில் கொட்டக் கூடாது. மெருகில்லாத பீங்கானின் நுண்துளைகளில் போய் அடைந்துகொள்ளும். அதனால் நிறுத்துவைத்த பால் சர்க்கரையில் (லாக்டோஸ்) சிறிது எடுத்து முதலில் தேய்த்துவிடுவார்கள். பிறகுதான் மருந்து, அதற்குச் சமமாக 6 கிரெயின் சர்க்கரை. அரைத்து 12 ஆனதும் இன்னொரு 12. அது 24 ஆனதும் அதிமதுரப் பொடி 24. ஆக 48 கிரெயின். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு அரைத்தால் மருந்து அங்கங்கே திட்டாக நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரத்தில் ஒட்டியதைத் தட்டைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ள வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இங்கே விட்ட பிழையை அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

இனி குளுக்கோஸ் பாகு, சொட்டுச் சொட்டாக. குழவியால் அழுத்திப் பிசையப் பிசைய, கலவை கல்வத்தில் ஒட்டாமல் திரண்டு வரும். அதுதான் பதம். பாகு குறைந்தால் உருட்டும்போது வெடிக்கும்; கூடினால் மாத்திரைகள் டப்பாவுக்குள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கூடிவிட்டால் அதிமதுரப் பொடியைத் தூவிச் சரிசெய்யலாம். மாத்திரை சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். சரிசமமாக 24 ஆகப் பிரித்தால் போதும், ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவு மாறாது.

[காட்சி: பித்தளைப் பள்ளங்கள் கொண்ட மாத்திரைப் பலகை]

பலகையில் டால்க் பொடி தூவி, வெட்டுக்கட்டையின் (ஒருபக்கம் பலகையைப் போலவே பள்ளங்கள் கொண்ட கட்டை) தட்டையான பின்பக்கத்தால் கலவையை நீளத் திரியாக உருட்டுகிறார்கள். திரியின் நீளம் சரியாக 24 பள்ளங்களுக்கு வர வேண்டும். முனைகள் கூம்பினால் கடைசி மாத்திரைகள் இளைத்துவிடும். ஆகவே கரண்டியால் முனையைத் தட்டிச் சதுரமாக்குவார்கள். திரியைப் பள்ளங்களின் மேல் வைத்து, கட்டையைத் திருப்பி முன்னும் பின்னும் நகர்த்தினால் 24 துண்டுகள். வட்டமான மரமூடிக்கு அடியில் இட்டுச் சுழற்ற, அவை உருண்டையாகின்றன.

கசப்பை மறைக்க மெல்லிய வெள்ளித் தகடு பூசுவதும் உண்டு. கோந்து நீரால் லேசாக ஈரமாக்கி, தகட்டோடு உருண்டை டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். பளபளப்பு அழகுதான், ஆனால் தகடு தடித்துப்போனால் மாத்திரை வயிற்றில் கரையாமலே வெளியேறிவிடும்.

[காட்சி: அச்சுக் கருவி]

1843இல் வில்லியம் பிராக்கடன் என்பவர், பொடியை அச்சில் இட்டு அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பென்சிலுக்கான கிராஃபைட் தூளை அழுத்துவதும் அதே காப்புரிமையில் அடங்கும். அந்த முறையில் பாகும் இல்லை, திரியும் இல்லை. அளவெடுத்துப் போட்ட பொடி, ஒரே அழுத்தலில் வில்லையாகிவிடும்.