ரோரி கேலஹரைப் பற்றி ஹென்ட்ரிக்ஸ் அப்படிச் சொன்னாரா?

அடுத்த கேள்வி. "உலகத்திலேயே பெரிய கிதார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஜிமி ஹென்ட்ரிக்ஸிடம் கேட்டதற்கு, 'ரோரி கேலஹரிடம் போய்க் கேளுங்கள்' என்றாராமே, உண்மையா சார்? நீங்கள் ரோரி ரசிகர் என்பதால் கேட்கிறேன்" என்று ஒரு நேயர் எழுதியிருக்கிறார்.

ரோரி அயர்லாந்து நாட்டு ராக், ப்ளூஸ் கிதார் கலைஞர். உண்மை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஹென்ட்ரிக்ஸ் அப்படிப் பேசிய பதிவு எதுவும் கிடையாது. இதே கதையை டெர்ரி காத், பில் கீகி என்று வேறு கலைஞர்கள் பெயரைப் போட்டும் சொல்லுகிறார்கள். அதனால் இதை நம்ப வேண்டாம்.

குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே ரோரியைப் பற்றிச் சொன்னதை நம்பலாம், ஏனென்றால் அதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குவீன் பெரிதாவதற்கு முன்னால், லண்டனில் ரோரியின் கச்சேரி முடிந்ததும் போய், இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறார். ரோரி எதையும் மறைக்கவில்லை. ஒரு வாக்ஸ் ஏசி 30 ஆம்ப் (கிதார் ஒலிபெருக்கி), அதற்கு முன்னால் கிதாரின் கீச்சு ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி, அவ்வளவுதான் என்று காட்டிவிட்டார். பிரையன் மேயும் அதையே வாங்கி வாசித்தார், தன் சத்தம் அங்கிருந்துதான் வந்தது என்று இன்றைக்கும் நன்றியோடு சொல்லுகிறார்.

அப்புறம் ரோரியின் அந்த கிதார். 1963-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்துக் கடையில் 100 பவுண்டுக்குக் கடனில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிதார், அப்போது ரோரிக்கு 15 வயது. ஒரு தடவை திருட்டுப்போய், சில நாள் கழித்து ஒரு பள்ளத்தில் மழையில் நனைந்து கிடந்து திரும்பக் கிடைத்தது. வியர்வை பட்டுப் பட்டு பெயின்ட் முக்கால்வாசி உரிந்து, கை படுகிற இடமெல்லாம் வெறும் மரம் தெரியும், அவர் அதற்கு மறுபடி பெயின்ட் அடிக்கவே இல்லை. அந்த கிதாரின் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு மனிதன் எத்தனை ராத்திரி வாசித்தான் என்பது அந்த மரத்திலேயே இருக்கும்.

ஆனால் எனக்கு அவர் மேல் உள்ள மரியாதைக்குக் காரணம் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம். எழுபதுகளில் அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்ற இரு தரப்புக்கும் நடந்த மோதலில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், பெரிய குழுக்கள் பல அந்தப் பக்கமே போகவில்லை. ரோரி அங்குள்ள அல்ஸ்டர் ஹால் அரங்கில் திரும்பத் திரும்பப் போய் வாசித்தார். வெளியே ஒரே தெருவில் நிற்க முடியாத இரண்டு தரப்புப் பிள்ளைகளும் உள்ளே ஒன்றாக நின்று கேட்டார்கள். 1974-இல் வந்த 'ஐரிஷ் டூர்' தொகுப்பில் அந்தச் சுற்றுப்பயணக் கச்சேரிகள் இருக்கின்றன, கூட்டத்தின் சத்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

1995 ஜூன் 14-ஆம் தேதி, கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு, 47 வயதில் போய்விட்டார். அந்த கிதாரை 2024-இல் லண்டன் ஏலத்தில் எடுத்தவர்கள் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.